எத்திராஜ் வழி தவறிய நாள்

1

எத்திராஜ் வழி தவறிவிட்டான் என்று சொன்னால் காசிமேட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். என் சின்ன வயதுச் சிநேகிதன், முப்பது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும், எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், எந்த ரயில்வே கேட் எப்போது மூடும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவன் போன தை மாதம் ஒரு பகல் முழுக்க என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வழி தெரியாமல் சுற்றினான். நானும் அதே மண்ணில் பிறந்தவன்தான். அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வாரத்தோடு அதற்கு ஒரு வருடம் ஆகிறது. இங்கே ஹாம்பர்க்கில் நடைபாதையெல்லாம் உறைந்து கிடக்கிறது. துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. காலை ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். ஓட்டுநருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, கடைசிக்கு முந்தைய இருக்கையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொள்வேன். பதினோரு வருடமாக இதுதான் என் காலை.

இதை ஊரில் இருக்கிற உங்களுக்காக எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவனிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று யோசித்துப் பார்த்தால், அது சுற்றிவிட்டு என்னிடமே வந்து நிற்கிறது.

2

ராணிக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். முழுப்பெயர் தேசராணி. எனக்கு ஏழு வயதில் அம்மா போனாள், அடுத்த வருடமே அப்பாவும் போனார். அதன்பிறகு எனக்குச் சோறு போட்டது, தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டுக்குக் கைநாட்டு வைத்தது எல்லாம் அவள்தான். விடிவதற்கு முன்பே காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். கல்யாணம் ஆனது, புவனா பிறந்தாள், புருஷனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். மகளையும் தம்பியையும் அந்தக் கூடையை வைத்தே கரையேற்றினாள். நான் ஐ.டி.ஐ. முடித்து, துபாயில் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததெல்லாம் அவள் போட்ட வழி.

எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு வாட்ஸ்அப்பில் இருக்கிற அந்த மைக் பொத்தான் பெரிய வரம். தினமும் ஏலம் முடிந்ததும் ஓரமாகக் குந்திக்கொண்டு பேசி அனுப்புவாள். எந்த மீன் என்ன விலை போனது, யார் வீட்டில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், புவனாவின் மாமியார் என்ன குழம்பு வைத்தாள் என்று நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். நான் அதைக் காலைப் பேருந்தில் கேட்பேன். கொஞ்ச நாள் முழுதாகக் கேட்டேன். அப்புறம் குரல் ஓடும்போது பக்கத்தில் தெரியும் சின்ன எண்ணைத் தட்டினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் என்று கண்டுபிடித்தேன். நான்கு நிறுத்தத்தில் முடிய வேண்டியது மூன்று நிறுத்தத்துக்குள் முடிந்தது. பதிலுக்கு நானும் பேசி அனுப்புவேன். "சரிக்கா." "பாத்துக்கக்கா." "அப்புறம் பேசறேன்க்கா."

வீட்டிலும் அதே வேகம்தான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் குரலை ஓட விடுவேன். என் மகள் இனியா மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தத் தமிழ் பாதிதான் புரியும். அவள் சனிக்கிழமைகளில் போகிற தமிழ் வகுப்பை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆகவே, பேசுகிற கொஞ்சத் தமிழையும் அவள் அந்த ஊர்த் தமிழாகத்தான் பேசுவாள். "அத்தை என்ன கதைக்கிறா?" என்று கேட்பாள். இதை அக்காவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "காசிமேட்டு பொண்ணுடா அது. இட்டாந்து ஒரு மாசம் என்னான்ட வுடு, நான் பேச கத்துக் குடுக்குறேன்" என்றாள். அந்த ஒரு மாதம் எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

3

அந்தத் தை மாதப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு, ஆடியில், அக்காவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. எனக்கோ அப்போதுதான் துறைமுகத்திலேயே வேறு கம்பெனிக்கு வேலை மாறியிருந்தது. வசிக்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். புது அட்டை கைக்கு வரும்வரை ஒரு மடித்த காகிதத்தைக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு வெளியே போகலாம், திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை என்றார்கள். இருந்தாலும் அவசரம் என்றால் தனியாக ஒரு தாள் தருவார்களாம். போய் வரிசையில் நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். அக்கா என்றேன். அவள் முன்னால் இருந்த படிவத்தில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை என்று மூன்று கட்டம்தான் இருந்தது. வளர்த்த அக்கா என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதற்குக் கட்டம் கிடையாது. வாய் தானாக, "அம்மா, என் அம்மா" என்றது. அவள் கணினியைப் பார்த்தாள். "உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் புவனா கூப்பிட்டாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். முகம் வீங்கிக் கிடப்பதால் வீடியோவில் வர அம்மாவுக்கு வெட்கம் என்றாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவிடமிருந்து சின்னதாகக் குரல் வந்தது. இரண்டு வரி, மூன்று வரி. பானைக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. கத்தி பட்ட தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் எத்திராஜ் வீடியோவில் வந்தான். மொட்டை அடித்து முடி கொஞ்சம் முளைத்திருந்தது. மீசையைக் காணோம். கேட்டதற்குத் திருப்பதி என்றான். "மீசையையுமாடா கேட்டாரு ஏழுமலையான்?" என்று கிண்டல் செய்தேன். சவாரி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.

மார்கழியில் அட்டை வந்தது. அன்றைக்கே டிக்கெட் எடுத்து அக்காவுக்குப் பேசி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "வா நைனா. எப்போ வர்றேன்னு கண்ணு பூத்து பூட்ச்சு. ஆனா இப்போ தடை. லாஞ்சி எல்லாம் கட்டிக் கெடக்குது. நல்ல மீனு ஒண்ணியும் கெடைக்காது, ஐஸ் மீனுதான் உனுக்கு." பேருந்தில் கேட்டேன், ஒன்றரை மடங்கு வேகத்தில். "ஐஸ் மீனே போதும்க்கா, நீ செஞ்சு போடு" என்று பதில் அனுப்பினேன்.

4

விமான நிலையத்துக்கு வெளியே ஆட்டோவோடு நின்றிருந்தான் எத்திராஜ். கட்டிப் பிடித்தவன் விட மாட்டேன் என்றான். மெட்ரோ ரயில் இப்போது வண்ணாரப்பேட்டை வரைக்கும், அதையும் தாண்டியும் போகிறதாமே என்று கேட்டேன்.

"இம்மாம் பெரிய பொட்டிய வச்சுகினு அதுல எவன் ஏறுவான்? குந்து மச்சான்."

கைப்பையிலிருந்து ஒரு கழுத்துத்துணியை எடுத்துக் காட்டினேன். மெல்லிய கம்பளி, நீல நிறம். ஆபரேஷன் செய்த தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கியது. "அக்காவுக்கு. மெட்ராஸ் வெயில்ல இதப் போய் வாங்கினியான்னு திட்டுவா பாரு" என்று சிரித்தேன். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். "சோக்கா கீது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

என் கண்ணுக்கு நேராக, டிரைவர் சீட்டின் முதுகில், புதிதாக எதையோ பிளேடால் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. சதுரமாக ஒரு வெள்ளைத் திட்டு. ஓரங்களில் பசை காயவில்லை, தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது கட்சி ஸ்டிக்கராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

பாரிமுனை தாண்டியதும், நேராக வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"வூட்ல யாரு கீறாங்க? அக்காவ புவனா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூட்ச்சு. செக்கப்பு. சாய்ங்காலம்தான் வரும். பூட்டுன வூட்ட பாத்துகினு இன்னா பண்ணுவ? ஆறு வருசம் கழிச்சு வந்துக்கீற, ஊர சுத்தி பாரு."

"நம்ம ஊர்ல சுத்திப் பாக்கறதுக்கு என்னடா இருக்கு?"

"பார்றா, என்னடாங்கறான். இன்னாடான்னு கேக்கக் கூட மறந்துட்ட. உனுக்கு டூரிஸ்ட்டு ரேட்டுதான்."

அப்படித்தான் எங்கள் சுற்றுலா தொடங்கியது. முதலில் ராயபுரம் ரயில் நிலையம். பெரிய தூண்கள் வைத்த பழைய கட்டடம், பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நாங்கள் அதன் சுவரோரம் கோலி ஆடி வளர்ந்தவர்கள். என்னைத் தூணில் சாய்ந்து நிற்கச் சொல்லி எத்திராஜ் படம் எடுத்தான். ஒரு இரும்புக்கடை வாசலில் நாஸ்டா வாங்கித் தந்தான், இட்டிலியும் வடகறியும். அங்கிருந்து எங்கள் தெரு பத்து நிமிடம். கடல் பக்கமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் அவன் திரும்பவில்லை. உள்ளே தண்டையார்பேட்டைச் சந்துகளில் புகுந்துவிட்டான்.

5

திருவொற்றியூரில் கோயில் வாசலில் நிறுத்தினான். வடிவுடையம்மனிடம் அக்காவின் தொண்டைக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அவனையும் கூப்பிட்டேன்.

"நீ போய்ட்டு வா. நான் செருப்ப பாத்துக்கறேன்."

"செருப்பு வைக்க இடம் இருக்கேடா."

"பொட்டி கீதுல்ல வண்டியில. போய்ட்டு வா, நைனா."

அவன் கோயில் வாசலை மிதிக்காமல், ஆட்டோவைச் சாய்ந்துகொண்டு நின்றான். நான் உள்ளே போய்க் கண்ணை மூடி நின்று, அக்காவின் பேருக்கு அர்ச்சனை செய்து, குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து, அந்தக் கழுத்துத்துணிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அவன் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் வழி தவறியது. கடற்கரைச் சாலையில் போகலாம் என்றேன், அங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்றான். விம்கோ நகர் பக்கம் போனான். ஒரு பாலத்தில் ஏறி, இறங்கி, மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டான். அரை மணி நேரம் டீசல் புகையைக் குடித்தோம். ஒரு சந்தில் நுழைந்தால் அது ஒரு தொழிற்சாலைச் சுவரில் போய் முடிந்தது. வண்டியைத் திருப்பி வந்தால், மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை ஒட்டி ஒரு டீக்கடை. கொஞ்ச நேரத்தில் அதே தொட்டி, அதே டீக்கடை.

"எத்திராஜு, இந்தக் கடைய மூணாவது தடவை பாக்கறேன்."

"அல்லாத்தையும் மாத்திட்டானுங்க மச்சான். மெட்ரோன்றான், பாலம்ன்றான். எனுக்கே பேஜாரா கீது."

போனை எடுத்து வரைபடத்தைப் போட்டேன். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"அத்த உள்ள வை. என் வண்டியில குந்திகினு எனுக்கு போன் வழி சொல்லணுமா?"

இப்படி அவன் என்னிடம் எரிந்து விழுந்தது எனக்குப் புதிது. போனை உள்ளே வைத்துவிட்டேன். அவனே சமாதானம் ஆகி, பழைய கதையை எடுத்தான். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி, முகத்துவாரம் பார்க்க எண்ணூர் போனோமே, திரும்பத் தெரியாமல் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றோமே, அந்தக் கதை. சாயங்காலம் ராணிக்கா கூடையும் கையுமாகத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். எனக்கு ஓர் அடியும் விழவில்லை. எத்திராஜுக்குத்தான் விழுந்தது. "வழி தெரிஞ்சவன் நீதானடா, நீதான இட்டுகினு வரணும்" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அப்புறம் இருவருக்கும் பன் வாங்கித் தந்தாள். அவன் அக்காவின் குரலில் அதைச் சொல்லிக் காட்டக் காட்ட எனக்கு வயிறு வலித்தது. பல வருடத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எண்ணூர் போலாமா மச்சான்?" என்று கேட்டான். "இன்னொருக்கா பாத்துட்டு வந்துடலாம்."

6

எண்ணூரில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற மாதிரி, மணலை ஒட்டி ஒரு மீன் வறுக்கும் கடை. தார்ப்பாய் கட்டி நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா வறுத்துக்கொண்டிருந்தார். மணி மூன்று இருக்கும். பசி வயிற்றைக் கிள்ளியது.

"இன்னா மீனுக்கா?" என்று எத்திராஜ் கேட்டான்.

"சங்கரா. காத்தால காசிமேட்ல லாஞ்சியில எறங்குனது. கண்ண பாரு, எப்டி கீதுன்னு."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர்ப் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் வாயைத் திறந்தேன். "லாஞ்சியா? தடையில எப்படிக்கா லாஞ்சி போகுது? ஐஸ் மீனா இருக்கும்."

அந்த அம்மா கரண்டியோடு திரும்பினார். "தை மாசத்துல ஏதுப்பா தடை? சித்திர பொறந்தாதான லாஞ்சிய கட்டுவானுங்கோ. நீ எந்த ஊரு?"

"காசிமேடு" என்றேன்.

அவர் என்னையும் எத்திராஜையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மீனைத் திருப்பிப் போட்டார்.

சித்திரை பிறந்தால் இரண்டு மாதத்துக்கு லாஞ்சி என்கிற விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடும் காலம். காசிமேட்டில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு பாதிதான் எரியும். அந்த நாட்களில் அக்கா ஐஸ் மீனுக்கும் கருவாட்டுக்கும் அலைவாள். அதைத் தின்று வளர்ந்தவன் நான். எனக்கு அது மறந்துபோயிருந்தது. கடலைப் பார்த்தேன். தூரத்தில் நாலைந்து லாஞ்சிகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

"எத்திராஜு, அக்கா தடைன்னு சொன்னாளே. பத்து நாள் முன்னாடி பேசி அனுப்பினாளே."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் இறங்கி மணலில் குந்தினான். தலையைக் கையால் மூடிக்கொண்டான். அப்போது எனக்கு அந்த மொட்டைத் தலை ஞாபகம் வந்தது. மீசை ஞாபகம் வந்தது. கொள்ளி வைத்தவன் ஒரு வருடம் கோயில் படி ஏற மாட்டான் என்பதும் ஞாபகம் வந்தது. மறந்துபோன ஊர் வழக்கமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றது.

"எப்போ?" என்று கேட்டேன்.

"ஆவணியில. ஆபரேசனுக்கு நாலு நாளு முன்னாடியே பூட்ச்சு."

அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். அடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் தடுக்கவில்லை. கடைக்கார அம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடி வந்து, "வுடுப்பா, வுடு, தண்ணி குடி" என்று சொம்பை நீட்டினார்.

"அக்காதான் சொல்லக் கூடாதுன்னு சொல்ச்சு" என்றான். "ஆஸ்பத்திரியில என் கைய புட்ச்சுகினு சொல்ச்சுடா. அவன் கேட்டான்னா அப்டியே போட்டது போட்டபடி ஓடியாந்துடுவான், அவன் பேப்பரு அல்லாம் பாழா பூடும், கார்டு கைக்கு வந்தப்பறம் சொல்லுங்கன்னு. நான் இன்னா பண்ண சொல்ற?"

நான் ஓடி வந்துவிடுவேன் என்று அக்கா நம்பினாள். அதை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓடி வந்திருப்பேனா? அந்த மடித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புது வேலை, வாடகை, இனியாவின் படிப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அப்போ காலையிலேயே ஏன்டா சொல்லல? எதுக்கு இப்படிச் சுத்தின?"

"நேரா வூட்டுக்கு இட்டுகினு வான்னுதான் புவனா சொல்ச்சு. வண்டியில அக்கா போட்டோ ஒட்டி வச்சிருந்தேன், கண்ணீர் அஞ்சலின்னு. நீ பாத்துடுவன்னு ஏர்ப்போர்ட்டாண்ட வச்சுதான் சொரண்டுனேன். அப்பால நீ வந்த. அந்த துண்ட காட்டி, அக்காக்குன்னு சொல்லி சிரிச்ச. எனுக்கு முடியல மச்சான். இன்னிக்கு ஒரு நாளாவது உனுக்கு உங்க அக்கா உயிரோட இருக்கட்டுமேன்னு சுத்திகினே இருந்தேன். வூடு வந்தா அக்கா செத்துடும்ல."

வழி தெரிந்தவன் அவன்தான். கூட்டிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டியவனும் அவன்தான். இரண்டு கிழவர்கள் எண்ணூர் மணலில் உட்கார்ந்து அழுதோம். தேடிக்கொண்டு வர இந்த முறை யாரும் இல்லை.

7

திரும்பும்போது அவன் வழி தவறவில்லை. எந்தப் பள்ளமும் இல்லாத கடற்கரைச் சாலையில், அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டான்.

புவனா வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே அக்காவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோயில் குங்குமத்தையும் கழுத்துத்துணியையும் அதன் முன்னால் வைத்தேன். பக்கத்தில் அவளுடைய போன், சார்ஜரில் சொருகி, முழுதாக ஏற்றி வைத்திருந்தார்கள்.

"அதுல இருந்த பழசையெல்லாம் என் போன்ல போட்டு ஓடவுட்டு, அம்மா போன்ல திரும்ப ரெக்கார்டு பண்ணி அனுப்புனேன் மாமா" என்றாள் புவனா. பானைக்குள் இருந்து வந்த குரலின் காரணம் அதுதான். "எல்லாம் உங்களுக்கு முன்னாடியே வந்ததுதான். ஏற்கெனவே கேட்டதாச்சேன்னு கண்டுபுடிச்சுடுவீங்கன்னு ஒவ்வொருவாட்டியும் பயந்துகினே அனுப்புவேன்."

"அந்தத் தடைன்னு சொன்னது?"

"ரெண்டு வருசம் முன்னாடி மே மாசம் வரேன்னு சொன்னீங்களே மாமா. அப்போ அம்மா சந்தோசத்துல அனுப்புனது. அப்பால நீங்க வரல. வா நைனான்னு ஆரம்பிக்குதேன்னு அவசரத்துல அனுப்பிட்டேன். அனுப்புனப்பறம்தான் தடைன்னு வர்றது காதுல வுழுந்துச்சு. மாமா காசிமேட்டுக்காரரு, மார்கழியில தடையான்னு இப்போ போன் பண்ணுவாரு, மாட்டிகினோம்னு எத்திராஜு மாமாவ கூப்ட்டு அழுதேன். ரெண்டு பேரும் போனையே பாத்துகினு குந்திகினு இருந்தோம்."

என் பதில் வந்தது. ஐஸ் மீனே போதும்க்கா, நீ செஞ்சு போடு.

"அத்த கேட்டுதான் மாமா எங்களுக்கு தாங்கல" என்றாள்.

8

ஊரில் ஆவணியில் திதி கொடுத்துவிட்டார்கள். எத்திராஜ்தான் கொடுத்தான், கொள்ளி வைத்த அவனுக்குத்தான் அந்த உரிமை. நான் இங்கே இந்தத் தை மாதத்தில், எனக்குச் செய்தி தெரிந்த நாளில், ஒரு படத்தை மேசையில் வைத்து விளக்கேற்றினேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி கடைகளில் சங்கரா மீன் தேடிப் போய், கிடைக்காமல், உறைந்த மீன் வாங்கி வந்திருந்தாள். ஐஸ் மீன். அதைத்தான் குழம்பு வைத்தோம்.

அக்கா அனுப்பிய எல்லாமும் என் போனில் அப்படியே இருக்கின்றன. ஏறக்குறையப் பத்து வருடத்துக் காலைகள். சிலவற்றை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். சிலவற்றைத் திறக்கவே இல்லை. இப்போது தினம் ஒன்று என்று கேட்டு வருகிறேன். அந்தச் சின்ன எண்ணைத் தட்டி ஒன்றரையிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒரு பேச்சு முடிவதற்குள் சில நாட்களில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிடுகிறது. திரும்ப நடந்து வருகிறேன்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைச் சமையலறையில் ஓடவிட்டேன். புவனாவின் மாமியார் வைத்த வத்தக்குழம்பைப் பற்றி அக்கா குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஏலக்காரர்களின் சத்தம், காக்கை, யாரோ ஐஸ் உடைப்பது. நடுநடுவே அவள் நிறுத்தி மூச்சு விடுவதும், எதையோ நினைத்துத் தனக்குள் சிரிப்பதும் கேட்டது. அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதையே நான் மறந்திருந்தேன்.

இனியா மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். ஜெர்மனில் ஏதோ சொல்ல வந்து, படத்தைப் பார்த்து, தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, அத்தைக்கு அப்ப சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருந்தா. ஏம்மா?"

"அப்ப ஏன் இவ்வளவு மெதுவாக் கதைக்கிறா?"